கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

நான் மதுரைக்காரன். மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டு நாள் இயற்கை முகாம் நடத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகள். கடல் உயிரினப் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கடலிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு வெளியூர்க்காரன் கடலைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது? அவர்களுக்குத் தெரியாததா? பேசாமல் மேற்குமலை, யானை, புலி என்று போய்விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி 2025

யானையைக் கொண்டுவராதீர்கள். ராமேசுவரம் கோயிலில் பார்த்துவிட்டார்கள்.

நானும் வெளியூர்தான். பிறந்தது பரமக்குடி, வாக்கப்பட்டது மண்டபம் பக்கம். கம்மாயில் மறுகரை வரை நீந்தியவள், கடலில் இன்றுவரை முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பதினொரு வருடமாக ஊர்ப் புயல் காப்பகத்துத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். கணக்கும் ஆங்கிலமும்தான் முதலில். இயற்கை எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

முதல் வருடம் கடல்பசு படத்தைப் பெரிதாக அச்செடுத்து ஒட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, சொல்லித்தர ஏதோ இருக்கிறதே என்று. பாலூட்டி, கடல்புல்தான் உணவு, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ மேயும் என்று ஒப்பித்து முடித்தேன். கடைசியில் ஒரு பையன் மெதுவாக, "டீச்சர், இது ஆவுளியா மாதிரி இருக்கு" என்றான். ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை என்றால், "நீங்க கடல்பசுன்னீங்க, அது வேற ஏதோன்னு நினைச்சேன்."

அப்புறம் வகுப்பே பேச ஆரம்பித்தது. மூச்சு விட மேலே வரும்போது என்ன சத்தம் வரும், புல் மேய்ந்த இடத்தில் தரையில் தடம் எப்படி இருக்கும், வலையில் விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். ஒருத்தி, தன் அப்பத்தா சின்ன வயதில் அதன் கறி தின்ற கதையையும் எடுத்துவிட்டாள். அவர்கள் பார்த்ததெல்லாம் வத்தையில் (சின்ன நாட்டுப்படகு) நின்றபடி மேலிருந்து ஒரு முதுகு. என் படமோ தண்ணீருக்குள் முகத்துக்கு நேரே எடுத்தது. பெயரும் வேறு, பார்த்த கோணமும் வேறு.

ஆனால் அவர்களுக்குத் தெரியாததும் இருந்தது. ஒரு குட்டியை 13 மாதத்துக்கு மேல் சுமக்கும், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும் என்றதும் ஒரு அமைதி. வலையில் பார்த்தவர்களுக்கு அதன் குடும்பக் கணக்கு தெரியாது. எங்கே சொல்லித்தர இடம் இருக்கிறதென்று எனக்குப் பிடிபட்டது அன்றுதான்.

கடல் பாடமே எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் இந்த மாவட்டத்து வாசலில்தான் இருக்கின்றன, அதை விட்டுவிட்டுப் புலிக்கு ஏன் போக வேண்டும்? மார்ச் ஏப்ரலில் வந்தால் இன்னொன்றும் செய்யலாம். தனுஷ்கோடி வழியில் முகுந்தராயர் சத்திரத்தில் வனத்துறையின் ஆமைமுட்டைப் பொரிப்பகம் இருக்கிறது. ஒரு குஞ்சைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கடலில் விடச் சொல்லுங்கள், ஆயுசுக்கும் மறக்காது.

14 ஜனவரி 2025

பொங்கல் பானைக்கு நடுவே ஒரு திருத்தம். 21 தீவும் நம் வாசலில் என்று எழுதிவிட்டேன். நான்கு தூத்துக்குடிப் பக்கம். 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது எண்ணியது 21. அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கடியில். பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததில் தீவுக்கு அணை போய்விட்டது.

பாடப்புத்தகம் பார்த்து எழுதினால் இப்படித்தான். பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்கள்.

19 ஜனவரி 2025

கடல்புல்லும் கடல்பாசியும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். வெட்கப்படாதீர்கள், நான் மூன்று வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வாடைக்காற்று நாலு நாள் அடித்து ஓய்ந்தால் வடகடல் ஓரத்தில் கறுப்பாகக் குவியல் ஒதுங்கும். (இங்கே பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகடல் பெண்கடல் என்றும் தென்கடல் ஆண்கடல் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், கடைசியில் வீட்டுக்காரியைப் பற்றிய பேச்சில் போய் முடியும்.) அந்தக் குவியலை வகுப்புக்கு அள்ளிவந்து, நாடா மாதிரி நீளமாக இருந்த ஒன்றைப் பிடித்து, "இதுவும் ஒரு பாசி" என்றேன். பேத்தியைக் கூப்பிட வந்த ஒரு ஆத்தா திண்ணைக்குக் கீழே நின்று சிரித்தார். "டீச்சரம்மா, அது தாழை. வாட்டாழை. அடியைப் பாருங்க, வேர் இருக்கு."

இருந்தது. கறுப்பு முடியோடு தடித்த வேர். பாசிக்கு வேர் கிடையாது, கல்லைப் பற்றிக்கொள்ள ஒரு பிடி மட்டும்தான். கடல்புல்லுக்கு வேர், பூ, விதை எல்லாம் உண்டு. நிலத்துச் செடி போலப் பூக்கிற செடி, இருப்பிடம்தான் கடல். அன்றிலிருந்து முதல் பாடம் "வேரைத் தேடு". ஒரு கூடைக் குவியலைக் கொட்டி வேர் உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். ஐந்து வயதுப் பிள்ளையும் செய்துவிடும். ஆவுளியாவும் ஓரா மீனும் எங்கே மேயும் என்ற கதை தானாக வந்துவிடும்.

அந்த ஆத்தா பாசி எடுப்பவர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்வார். விரல் நுனிக்குத் துணி சுற்றிக்கொண்டு கையால்தான் பறிப்பார், சுரண்டி கூடாது. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. யாரும் மேலிருந்து போட்ட சட்டம் இல்லை, பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது வாங்கியது இதற்காகத்தான். விருதுச் செய்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அசரவில்லை. "எங்க ஆத்தாவும் அதேதான் செய்யுது, அதுக்கு ஏன் குடுக்கலை?"

மதுரைக்காரருக்கு: உங்கள் படங்களை விட ஒரு ஆத்தாவை அழைத்து நடுவில் உட்காரவைப்பது மேல். ஆனால் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், ஒரு நாள் கூலி போகும். போனால் கொடுத்துவிடுங்கள். ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் படி கொடுக்கிறோமே.

3 பிப்ரவரி 2025

சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், வந்துவிட்டன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மன்னார் வளைகுடா மூன்றும் 2022-லேயே வந்தாயிற்று. தண்ணியில்லாக் காடு என்று மாற்றல் உத்தரவில் பேர் வாங்கிய மாவட்டத்துக்கு ஐந்து ஈரநிலம்! பிறந்த வீட்டுப் பெருமை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடம் முன்பு கடற்கரைப் பிள்ளைகள் இருபது பேரை வேனில் ஏற்றிச் சித்திரங்குடிக்குக் கூட்டிப்போனேன். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் என்று வழியெல்லாம் பாடம். போய் இறங்கினால் கம்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மழை பொய்த்த வருடம். வெடித்த களிமண், நாட்டுக்கருவேல மரங்களில் போன வருடக் கூடுகளின் சுள்ளி, மரத்தடியில் வெள்ளையாக எச்சத் தடம். பறவை என்றால் இரண்டு காக்கை.

வேன் வாடகை நினைத்து எனக்கு அழுகை. பிள்ளைகள் களிமண் வெடிப்புக்குள் கையை விட்டு நத்தை ஓடு பொறுக்கினார்கள், கூட்டை எண்ணினார்கள், அப்புறம் கம்மாய்க்குள்ளேயே கிரிக்கெட். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, எந்த மரத்தில் எந்தப் பறவை கட்டும், தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றால் அது தங்கும் என்று மரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு பையன் கேட்டான்: "தண்ணி இல்லேன்னா அதுங்க எங்க போகும் தாத்தா?" "தண்ணி இருக்கிற ஊருக்கு. எங்க பயலுக திருப்பூருக்குப் போகலையா?"

பறவை இருந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். அப்படி ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் அடுத்த தடவை தண்ணீர் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டி பிடித்தேன்.

4 பிப்ரவரி 2025

சீமைக்கருவேலம் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒரு குரல். பேசினேன். நிலத்தடி நீரை உறிஞ்சும், வெளிநாட்டு மரம், பிடுங்கி எறியணும் என்று உணர்ச்சியாகவே பேசினேன். ஒரு பெண் எழுந்து, "எங்க மாமா மூட்டம் போட்டுத்தான் டீச்சர் எங்களைப் படிக்க வைக்கிறாரு" என்றது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிமூட்டம் எத்தனை வீட்டு அடுப்பை எரிக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துகொண்டே பேசியிருக்கிறேன். இன்னும் அந்த மரத்தை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒழிக என்று பிள்ளைகளைக் கோஷம் போட வைப்பதை நிறுத்திவிட்டேன்.

23 மார்ச் 2025

ஜனவரி 12-இல் நான் கொடுத்த ஆமை யோசனையை எடுத்துவிடுங்கள். தப்பு.

போன வாரம் இந்தக் கடற்கரையில் ஒரு இடத்தில் ஆமைக்குஞ்சு விடும் நிகழ்ச்சி. இடமும் ஆளும் வேண்டாம். விடியற்காலை ஐந்தரை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். விருந்தினர் வந்தது ஒன்பது மணிக்கு. அதுவரை குஞ்சுகள் கூடையில். அப்புறம் ஆளுக்கொன்று கையில் எடுத்து, படத்துக்காகத் திருப்பித் திருப்பிப் பிடித்து, அலை ஓரத்தில் வைத்தார்கள். மணல் அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டது. காக்கைகள் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தன. எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு பிள்ளை எண்ணியிருக்கிறது. அந்த எண்ணை இங்கே எழுதவில்லை.

முட்டை பொரிந்தால் குஞ்சு இருட்டோடு அல்லது விடியும் முன் மணலில் தானே நடந்து கடலுக்குப் போக வேண்டும். அந்த நடை அதற்கு வேண்டும். கையில் பிடித்து உள்ளே விடுவது நமக்கு வேண்டும், அதற்கு அல்ல. பொரிப்பகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், சங்கடத்தோடுதான் நின்றார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் முட்டை எடுக்கிற வேலைக்குக் கூட்டிப்போங்கள். தை, மாசி, பங்குனி இரவுகளில் ஆமை கரையேறும், அதனால்தான் பங்குனி ஆமை என்றே பெயர். விடியுமுன் நடந்து, துடுப்புத் தடம் பார்த்து, குழி எங்கே என்று கண்டுபிடிப்பவர்களோடு ஒரு நாள் நடந்தால் போதும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பிங்பாங் பந்து போல. நிகழ்ச்சி கிடையாது, மாலை கிடையாது, தூக்கம்தான் கெடும்.

30 மார்ச் 2025

ஆமை விஷயத்தில் ஒரு இனிப்பான செய்தி. முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண். இதைச் சொன்னதும் ஒரு வாண்டு: "நம்ம ஊரு வெயிலுக்கு எல்லாம் பொம்பளையாத்தான் டீச்சர் இருக்கும்." சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. பொரிப்பகங்களில் மேலே கூரை, நிழல்வலை எல்லாம் போடுவது இதற்கும் சேர்த்துத்தான்.

16 ஏப்ரல் 2025

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில். தகப்பன்மார் வீட்டில் இருக்கிறார்கள், திண்ணைக்கு எதிரே வலை பொத்துகிறார்கள், அதாவது என் வகுப்பைக் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் இந்த இரண்டு மாதம் எனக்குக் கொஞ்சம் நாக்கு குழறும்.

நேற்று கடல் அட்டை பாடம். மணலைத் தின்று, அதிலுள்ள கழிவை எடுத்துக்கொண்டு, சுத்த மணலை வெளியே தள்ளும், கடலின் மண்புழு என்று சொன்னேன். 2001 முதல் அட்டை இனம் முழுக்க வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம், பிடித்தால் சிறை. இந்த இடத்தில் வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுவேன். ஒருவன் விடவில்லை.

"சிலோன்ல பிடிக்கலாமாம்ல டீச்சர்?"

"அங்கே உரிமம் வாங்கினால் பிடிக்கலாம்."

"அப்ப அட்டைக்கு பார்டர் தெரியுமா?"

வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் ஊசியை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் அட்டை வழக்கில் உள்ளே போய் வந்தவர். எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய மகள் இரண்டாவது வரிசையில் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டைக்கு எல்லை தெரியாது, சட்டத்துக்குத் தெரியும் என்றேன். பதில் மாதிரி இருந்தது, பதில் இல்லை. 2001-க்கு முன்பு இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு அட்டை அவித்து, புதைத்து, காயவைத்து விற்றவர்கள். ஒரு நாள் காலையில் அந்தத் தொழில் குற்றமாகிவிட்டது. அந்தத் தொழிலுக்குப் பதில் என்ன என்று அவர்களைக் கேட்டு முடிவெடுத்ததாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. இன்னொரு பக்கம், அள்ளிய வேகத்தில் அட்டை குறைந்துபோனதும் பொய்யில்லை. முன்பு முழங்கால் தண்ணீரில் கிடந்தது, அப்புறம் முங்கி எடுக்க வேண்டியதானது என்று அதே ஆட்கள்தான் சொல்வார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவரே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "டீச்சர், சொல்றதச் சொல்லுங்க. ஆனா பிடிக்கிறவன் கெட்டவன்னு மட்டும் சொல்லாதீங்க. பிள்ளை ராத்திரி சாப்பிடலை."

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

20 ஏப்ரல் 2025

மேலே எழுதியதை நான்கு நாள் கழித்துப் படிக்கிறேன். "சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்" என்பது தப்பித்தல். சிறை என்ற சொல்லைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டது நான்தான். புலிக்குச் சமம் என்றால் பிடிப்பவன் யார் என்று பிள்ளை கணக்குப் போடாதா?

நேற்று அதே பாடத்தை மறுபடி எடுத்தேன், அவரை வைத்துக்கொண்டே. எப்படி அவிப்பார்கள், வெள்ளட்டை எங்கே கிடக்கும், எந்த மாதம் மணலுக்குள் புதையும் என்று அவர் சொன்னார். நான் மணல் தின்னும் கணக்கைச் சொன்னேன். சட்டத்தை ஒரு பிள்ளையை விட்டு வாசிக்கச் சொன்னேன். யாரும் முடிவுரை சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம், ஒருவரும் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

இதை எல்லாம் பொதுவில் எழுதலாமா என்று ஒருவர் தனியே கேட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், ஊர்ப் பெயரைத்தான் எழுதவில்லை.

8 ஜூன் 2025

தனுஷ்கோடியைப் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயம் என்று ஜூன் 5 அன்று அறிவித்துவிட்டார்கள். பறவை ஒன்றும் இல்லாத மாதத்தில் அறிவிப்பு வந்தது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே வேடிக்கை. பூநாரை வாடைக்கு வரும், வெயில் ஏறினால் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை ஆகையால் பதினைந்து பேரோடு அங்கே போய்வந்தோம். பறவைக்குப் பதில் இரண்டு பாடம் கிடைத்தது. ஒன்று ராவணன் மீசை. மணல்மேட்டில் ஊசி ஊசியாக நிற்கும் புல். அதன் பெண்செடியின் விதையுருண்டை முற்றினால் பந்து போல உதிர்ந்து காற்றில் உருண்டோடும். கச்சான் காற்றுக்கு ஆளுக்கு ஒரு மீசையை விட்டுப் பந்தயம். அது எங்கே போய் நின்றது, அங்கே மணல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே மணல்மேடு உண்டாகும் கதை புரிந்துவிடும். பக்கத்திலேயே அடம்பங்கொடியும் மணலைக் கட்டிப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று இடிந்த தேவாலயம். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர். எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுப்பார்கள், கல்லைப் பார்க்க மாட்டார்கள். பவளக்கல். கிட்டப்போனால் தேன்கூடு போலவும் மூளை மடிப்பு போலவும் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் இருந்தது என்று சொல்லிச் சுவரைத் தடவச் சொன்னேன். தீவுக்குப் போக அனுமதியில்லாத பிள்ளைகளுக்குப் பவளப்பாறையைத் தொட்டுக் காட்ட எனக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். (பெயர்த்து எடுக்க விடாதீர்கள். சுற்றுலா வந்தவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பெயர்த்துவிட்டார்கள்.)

2016-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததையும் அங்கேயே சொன்னேன். உள்ளே குடியிருக்கும் நுண்பாசி சூடு தாங்காமல் வெளியேறும், அதுதான் பவளத்துக்கு நிறமும் சோறும். "வாடகைக்கு இருந்தவங்க போயிட்டா வீட்டுக்காரருக்குச் சோறில்லை" என்று ஒரு பெண் சுருக்கிச் சொன்னாள். ராமேசுவரத்தில் அவர்கள் வீட்டு மாடியை யாத்திரீகர்களுக்கு விடுகிறார்கள், அனுபவம் பேசுகிறது.

29 ஜூன் 2025

மதுரைக்காரர் வந்து முகாம் நடத்திவிட்டுப் போய்விட்டார். முதல் நாள் காலை புரொஜெக்டர் போட்டார், கரண்ட் போய்விட்டது. அவர் கடைசி வரை நம்பாமல் இருந்த நல்ல காரியம் இது. கூடைக் குவியலைக் கொட்டினோம், ஆத்தா வந்தார், கூலி கொடுத்தார், ஆத்தா அதில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிவிட்டார்.

அவர் கேள்விக்கு இப்போது கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஒரு காரியம் மட்டும் நடக்கிறது. ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறேன். கரையில், கடலில், கம்மாயில் பார்த்ததை வீட்டில் சொல்லும் பெயரில் எழுத வேண்டும், தேதியும் இடமும் போட வேண்டும். பேத்தை ஒதுங்கியது, வலைத்துண்டில் சிக்கிய பேராமை, சொறி (ஜெல்லிமீன்) கடித்தது என்று எழுத்துப்பிழையோடு நிறைய வருகிறது. நேற்று நோட்டுகளைத் திருத்தினேன். அந்த இரண்டாவது வரிசைப் பெண்ணின் நோட்டில் ஜூன் 22 தேதியிட்டு ஒரு வரி:

"வெள்ளட்டை 3. பாத்தேன். இடம் எழுத மாட்டேன்."

யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாள்? வியாபாரிக்கா, வனத்துறைக்கா, அப்பாவுக்கா, எனக்கா? கேட்கவில்லை. இடம் போடாவிட்டால் மதிப்பெண் பாதி என்பது என் விதி. முழுதாகப் போட்டுவிட்டேன்.